ஆபேல் மாமா குடித்த காப்பி

ஆம்பூர் ரயிலடியில் இறங்கி, காப்பி ஆபேல் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னால் எந்த வண்டிக்காரரும் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விடுவார். அந்த வீட்டில் நல்ல காப்பி கிடைக்கும். ஆனால் ஆபேல் குடிக்க மாட்டார். அவர் காப்பியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. குடிக்காத மனிதருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அத்தனையும் தப்பு. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதிலும் பெரிய எரிச்சல், அந்தப் பெயர் வரக் காரணமே நான்தான் என்பது. என் வாய் சும்மா இருந்திருந்தால் அவர் இன்றைக்கும் வெறும் ஆபேலாகவே இருந்திருப்பார். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

ஆபேல் என் அக்கா சாராவின் புருஷன். நான் கிருபானந்தம், வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு என்று சொல்வார்கள். கொஞ்சம் இல்லை என்று அக்கா சொல்வாள்.

மாமாவைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறவர்கள், வாசலில் நிற்கும் அவரிடமே ஆபேல் இருக்கிறாரா என்று கேட்பார்கள். அப்படி ஒரு உடம்பு. என் தோளுக்கு வருவார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். கவுஸ் பாஷா சாயபுவின் தோல் கிடங்கில் பன்னிரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். அன்றிலிருந்து சுண்ணாம்புத் தொட்டிதான். ஊறிய மாட்டுத்தோலைக் குறட்டால் பிடித்து இழுத்து மேலே போட வேண்டும், புரட்டித் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். நாள் முழுக்க இதுதான். தொட்டியின் விளிம்போ வழவழவென்று இருக்கும். கால் பிசகினால் சுண்ணாம்புக்குள் போக வேண்டியதுதான். அவர் ஒருநாளும் விழுந்ததில்லை. அதை ஒரு சாமர்த்தியம் என்று அவர் நினைத்ததும் இல்லை.

தன்னைப் பற்றி எதையுமே அவர் உயர்வாக நினைத்ததில்லை. எந்தக் கூட்டத்திலும் கடைசியில் போய் நிற்பார். சபையின் ஐம்பதாவது வருஷத்துப் போட்டோவில் அவருடைய ஒரு காது மட்டும்தான் விழுந்திருக்கிறது. அவர் அப்பா சாராயத்தில் அழிந்தவர். சொந்தக்காரர்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே, குடிகாரன் ரத்தம், உடம்பில் வலுவிருக்காது என்று அவர் காதுபடவே சொல்லி வந்தார்கள். அதை அவர் அப்படியே நம்பிவிட்டார். பதினாறு வயதில் சபையில் மதுவிலக்குச் சங்கத்தார் வந்தபோது முதலில் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். வாழ்க்கையில் முன்வரிசைக்குப் போனது அந்த ஒரு தடவைதான். வெறி தருகிற, உடம்பைக் கிளப்பிவிடுகிற எந்தப் பானத்தையும் தொடுவதில்லை என்பது அந்த அட்டையில் அச்சடித்திருந்த வாசகம். அதற்குக் கண்ணாடி போட்டு, கல்யாணப் படம் மாட்ட வேண்டிய இடத்தில் மாட்டியிருந்தார். அக்காவுக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான்.

எங்கள் அப்பா வேலூரில் ஒரு துரைமார் பங்களாவில் பட்லராக இருந்தவர். அதனால் எங்களுக்குப் பல் முளைக்கும்போதே காப்பி தெரியும். அக்கா கல்யாணமாகி ஆம்பூர் போனபோது, நகையைவிட ஜாக்கிரதையாக ஒரு பிஸ்கோத்து டப்பா நிறையக் காப்பிக்கொட்டையைக் கொண்டுபோனாள். முதல் லோட்டாவை நீட்டியபோது மாமா முகர்ந்து பார்த்தாராம்.

"இதுல ஒண்ணும் இல்லியே?"

"ஒரு கொட்டைய வறுத்து இடிச்ச தண்ணி. அவ்ளோதான். எங்க பங்களா துரைசாணி தெனமும் மூணு வேள குடிச்சிட்டு மூணு வேளயும் பைபிள் படிக்கிறாங்க."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கொட்டை கிடைப்பது அரிதானதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காப்பி. மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் கூழ்.

கிடங்குக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எங்கள் சபைக்காரர்களை ஞாயிறு காலை மட்டும் ஆராதனைக்கு விடுவார்கள். காலையில் ஒரு லோட்டா காப்பியைக் குடித்துவிட்டு மாமா கோயிலுக்குப் போவார். திரும்பி வந்ததும் தெருப் பொதுக்கிணற்றடியில் நின்று, கால்நடைத் தொட்டிக்கும் வீடுகளுக்கும் தண்ணீர் சேந்திக் கொட்டுவார். யாரும் அவரைக் கேட்கவில்லை, கூலியும் கிடையாது. அவருக்கு அப்படி ஒரு வழக்கம். கை ஓயும்வரை கயிற்றைக் கீழே போட மாட்டார். வெள்ளிக்கிழமை லீவு நாளில் சேந்துவதைவிட ஞாயிற்றுக்கிழமை அதிகம் சேந்த முடிகிறது என்பதை அவரே கண்டுபிடித்து, ஒரு ஜெபக்கூட்டத்தில் எழுந்து, பாஸ்டர் ஐயாவின் பிரசங்கம் தன் கைக்குப் பலம் தருகிறது என்று சாட்சி சொல்லிவிட்டார். பாஸ்டர் ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கடுத்த வாரத்திலிருந்து பிரசங்கம் அரைமணி நேரம் நீண்டுவிட்டது.

அக்கா பட்லர் மகள். அவ்வளவு சுலபத்தில் நம்புகிற ஜாதியில்லை. அவள் ஆவாரம்பட்டை இடிக்கும் களத்தில் வேலை செய்தாள். தோல் பதனிட மூட்டை மூட்டையாக அங்கே பட்டை வந்து இறங்கும். பட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும் காயை உரித்துக் கொட்டையை வறுத்து, காப்பிக்கு வழியில்லாத பெண்கள் அதையே இடித்துக் காப்பி மாதிரி போட்டுக் குடிப்பார்கள். நிறம் அதேதான். வெல்லமும் பாலும் தாராளமாக விட்டால் மாமா மாதிரி ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. அக்கா ஒரு ஞாயிறு காப்பியும், மறு ஞாயிறு ஆவாரங்கொட்டையுமாக மாற்றி மாற்றிக் கொடுத்தாள். அவர் சேந்துகிற குடங்களை எண்ணி, அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பத்து ஞாயிறு இப்படி நடந்தது. காப்பி கொடுத்த நாளில் முப்பது குடத்துக்குக் குறையவில்லை. ஆவாரங்கொட்டை நாளில் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. பிரசங்கம் இரண்டு நாளும் ஒரே நீளம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் போயிருந்தபோது சுவரைக் காட்டினாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு பத்திரிகையிலிருந்து இதையேதான் எங்களுக்குப் படித்துச் சொல்லியிருந்தார். சீமையில் யாரோ சில ஆட்களின் விரலில் எடையைக் கட்டி, விரல் ஓயும்வரை இழுக்க வைத்தார்களாம். காப்பியின் சத்தைக் கொடுத்த நாளில் அதே விரல் அதிகத் தடவை இழுத்ததாம். குடித்து அரைமணி ஒருமணி நேரத்தில்தான் அது முழுதாக வேலை செய்யுமாம். தினமும் குடித்துப் பழகினவர்களுக்கு அவ்வளவு பலன் தெரியாதாம். அத்தனை பெரிய துரைமார் கருவி வைத்துக் கண்டதை, என் அக்கா கரித்துண்டு வைத்துக் கண்டுபிடித்திருந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

"அவருகிட்ட சொல்லிடாதடா தம்பி," என்றாள். "பிரசங்கம்னு நெனச்சிக்கினு சந்தோஷமா இருக்காரு. அப்படியே இருக்கட்டும்."

அதுவரை எல்லாம் விளையாட்டுதான். மாசி மாதம் வந்ததும் அது விளையாட்டாக இல்லை.

தோல் அலசத் தண்ணீர் வேண்டும். பாலாறோ வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். மாசியில் ஆற்று நடுவே மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டுவார்கள். அந்த ஒரே காலில் இரண்டு கிடங்கு ஆட்கள் அலச வேண்டும். இக்கரையில் கவுஸ் பாஷா சாயபு கிடங்கு, அக்கரையில் இன்னொன்று. மேலே நின்று அலசுகிறவர்களுக்கு ஊற்றின் நல்ல தண்ணீர் கிடைக்கும். கீழே நிற்கிறவர்களுக்கு, மேலே இருப்பவர்கள் அலசிவிட்ட சுண்ணாம்பும் மயிரும் கொழுப்பும்தான் வந்து சேரும். அந்தத் தண்ணீரில் ஒரு தோலைச் சுத்தமாக்க இரண்டு மடங்கு நேரம் நிற்க வேண்டும். கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறி, வெடித்து, சீழ் வைத்துவிடும்.

மழைக்காலம் வரும்வரை யார் மேலே நிற்பது என்பதில் முதலாளிகள் தலையிடுவதில்லை. ஆட்களே ஓடித் தீர்த்துக்கொள்வார்கள். கிடங்குக்கு ஒருவர், முதுகில் ஈரத்தோல் கட்டு. அது ஒரு வளர்ந்த ஆளைச் சுமப்பதற்குச் சமமான கனம். இக்கரையிலிருந்து மணலில் ஓடி அக்கரையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். கட்டைக் கீழே போட்டால் தோல்வி. நாலு வருஷமாகக் கவுஸ் பாஷா கிடங்குதான் தோற்றுக்கொண்டிருந்தது. அக்கரையில் சத்தார் என்று ஒரு ஆள் இருந்தான், மாமாவைப்போல் இரண்டு பேரைச் சேர்த்துச் செய்தது மாதிரி. நாலு வருஷமும் அவன்தான் ஜெயித்தான். நாலு கோடைகாலமும் நாற்பத்தொரு பேர் கீழ்த்தண்ணீரில் நின்றார்கள். நான் லீவு கிடைக்கும்போதெல்லாம் களிம்பும் பஞ்சும் எடுத்துப்போய் அந்தக் கால்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருவேன். முந்தின வருஷம் அந்தக் கிடங்கின் தனகோடி மேஸ்திரிக்கு ஒரு கால்விரல் அழுகியே போய், எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட வேண்டியதாயிற்று. இன்னொரு கோடை கீழே நின்றால் இன்னும் நாலைந்து பேருக்கு அந்தக் கதிதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருஷம், எப்போதும் ஓடுகிற ரத்தினசாமி குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டார். தனகோடி மேஸ்திரி ஆட்களைக் கூட்டி யார் ஓடுவது என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மாமா மட்டும் கடைசி வரிசையில் நின்று மேஸ்திரியின் விரல் போன காலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"இன்னா ஆபேல், நீ ஓடறியா?"

"நீ சொன்னா ஓடறேண்ணா. ஆனா தோத்துடுவேன்."

வேறு ஆள் இல்லாததால் அவர்தான் என்று ஆயிற்று.

எனக்குக் கடிதம் வந்த நிமிஷமே லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன். ஓட்டம் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு. வியாழன் சாயந்திரம் காட்பாடியில் ரயிலேறி, புதிதாக வாங்கியிருந்த பாக்கெட் கடிகாரத்தோடு போய் இறங்கினேன். மாமா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அதையும் கொடுத்தாள்.

"சரியா ஆறு மணிக்கு அவருக்குக் காப்பி குடு. முன்னயும் கூடாது, பின்னயும் கூடாது. ஒரு மணி நேரத்துல அது நரம்புல ஏறும். நான் கடியாரத்தைப் பாத்துக்கினே இருப்பேன்," என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினாள். டாக்டர் மாதிரி நான் உத்தரவு போட்டதும் அவள் வாயடைத்துப் போனாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறடிக்க அரை நிமிஷம் இருக்கும்போது லோட்டா வந்தது. மாமா ஊதி ஊதிக் குடித்தார். நான் கடிகாரத்தையும் அவர் தொண்டையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு எதுவும் தெரியாது. ஓட்டத்துக்குப் போகிறவருக்குப் பெண்டாட்டி பிரியமாகக் கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தார்.

ஆற்றில் இரண்டு பக்கமும் ஜனம். சத்தார் கட்டைத் தலையணை மாதிரி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். மாமாவுக்கு மூன்று பேர் பிடித்து ஏற்றிவிட்டார்கள். கட்டுக்குக் கீழே அவர் இருக்கிறாரா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மேஸ்திரி துண்டை வீசினதும் சத்தார் பாய்ந்தான். அவன் அக்கரையைத் தொட்டபோது மாமா பாதி ஆற்றைத்தான் தாண்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் சில பேர் எழுந்து வீட்டுக்குப் போகவே ஆரம்பித்துவிட்டார்கள்.

திரும்புகிற வழியில்தான் மாறியது. சத்தார் கனத்த ஆள், அவன் கால் ஒவ்வொரு எட்டுக்கும் கணுக்கால்வரை புதைந்தது. பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. மாமா காலைத் தூக்கவே இல்லை. குறுகிய எட்டாக, வழுக்குகிற தொட்டி விளிம்பில் நடப்பதுபோல, மணலை உரசிக்கொண்டே வந்தார். வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்து. "ஏறிடுச்சு! காப்பி ஏறிடுச்சு!" என்று கத்தினேன். என் பக்கத்தில் நின்றவர்கள் அதைக் கேட்டார்கள் என்பதுதான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் காரணம். கரைக்கு நாற்பதடி இருக்கும்போது மாமா சத்தாரைத் தாண்டினார். கரையில் கிழித்திருந்த கோட்டைக் கடந்து கட்டோடு முழங்காலில் விழுந்தார். பேச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "சத்தாருக்குத் தண்ணி குடுங்கோ."

அன்றைக்கே நான் வேலூர் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அம்பட்டர் கடையில், ரயிலடியில், சந்தையில், சபையில், எங்கே நாலு பேர் இருந்தாலும் நின்று காப்பி மகத்துவம் பேசினேன். விரலில் எடை கட்டியதைச் சொன்னேன், ஒரு மணி நேரக் கணக்கைச் சொன்னேன், கடிகாரத்தை எடுத்துக் காட்டினேன். ரெண்டே நாளில் ஊருக்குள் 'காப்பி ஆபேல்' என்ற பேர் பரவிவிட்டது. அக்கரையிலும் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஓடினது ஆபேல் இல்லை, காப்பிதான் ஓடிச்சு என்று சத்தார் போகிற இடமெல்லாம் சொன்னானாம். எனக்கு அது பெருமையாக இருந்தது. அறிவு கெட்டவன் நான்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளி சாயந்திரம் மறுபடி போனேன். அக்கா பக்கத்துத் தெருவில் அவள் தோழி மஹ்பூபி வீட்டுக்குப் போயிருந்தாள். சத்தார் பெண்டாட்டிதான் மஹ்பூபி. புருஷன்மார் எதிரெதிர்க் கிடங்கில் இருந்தாலும் இவர்கள் இருவரும் ஒரே களத்தில் பட்டை இடிக்கிறவர்கள். மாமா தனியாக உட்கார்ந்திருந்தார்.

"கிருபா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. காப்பி குடிச்சா பலம் ஜாஸ்தி ஆவுதா?"

நான் மறைக்கவா போகிறேன்? கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினேன். அவர் கரிக்கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். முப்பது, இருபத்தைந்து, முப்பத்தொன்று, இருபத்து நாலு. எண்ணி முடித்ததும் கூடத்துக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த மதுவிலக்கு அட்டையின் வாசகத்தைப் படித்தார்.

"அப்ப இது ஒடம்பைக் கெளப்பிவுடுது."

"நல்லாவே கெளப்பிவுடுது மாமா!"

"சரி," என்றார். அவர் சரி என்றால் சரி என்று அர்த்தமில்லை என்பது இத்தனை வருஷம் பழகிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் காப்பியைத் தொட்டதில்லை.

மறுநாள் காலை அவர் பின்னாலேயே மருந்துப் பெட்டியோடு ஆற்றுக்குப் போனேன். கவுஸ் பாஷா கிடங்கு ஆட்கள் மேலே நின்று அலசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் காலாகத் தூக்கிப் பார்த்தேன். மூன்று வாரம் நல்ல தண்ணீரில் நின்றதற்கே வெடிப்புகள் மூடியிருந்தன, சீழ் வற்றியிருந்தது. தனகோடி மேஸ்திரி கால் தூக்கிக் காட்டி, "உன் களிம்புக்கு இனிமே இங்க வேலையில்ல தம்பி," என்று சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது, மாமா கால்வாய் ஓரமாகக் கீழே நடந்து போய்ச் சத்தாரின் முன் நிற்பதைப் பார்த்தேன்.

"சத்தாரு, நான் மருந்து குடிச்சிட்டு ஓடிட்டேன்," என்றார். "தெரியாம குடிச்சேன். தெரிஞ்சப்புறம் சும்மா இருக்க முடியல. நீ வெறும் ஒடம்பா ஓடினே. இந்தத் தண்ணி ஒனக்குத்தான். நாங்க கீழ போறோம்."

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். தனகோடி மேஸ்திரி நொண்டிக்கொண்டே ஓடி வந்து மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஒனக்குப் பைத்தியமாடா? நாப்பத்தொரு பேர் காலுடா! இதைப் பாரு! இப்பத்தான் தோல் மூடுது!"

மாமா குனிந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தெரியுதுண்ணா. நானும் அதுலதான நிக்கப் போறேன். ஆனா ஏமாத்தி வாங்கின தண்ணியில எப்படிண்ணா நிக்கறது?"

அந்த நிமிஷம் எனக்கு ஆற்று மணலில் குழி தோண்டிப் புதைந்துகொள்ளலாமா என்றிருந்தது. ஒரு வாய் வார்த்தையால் நாற்பத்தொரு பேர் காலை நான் அழுகப் போட்டுவிட்டேன். ஆட்களில் சிலர் மாமாவைத் திட்டினார்கள், சிலர் என்னை. அக்கரை ஆட்கள் தோலைச் சுருட்டிக்கொண்டு மேலே போகக் கிளம்பிவிட்டார்கள்.

யாரோ ஓடிப்போய்ப் பட்டைக்களத்தில் சொல்லியிருக்க வேண்டும். அக்கா தலையெல்லாம் பட்டைத்தூளோடு மணலில் ஓடி வந்தாள். பின்னால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு மஹ்பூபி. அக்கா மூச்சு வாங்கவும் நிற்கவில்லை.

"இவரு காப்பி குடிக்கல! அன்னிக்கு இவரு குடிச்சது காப்பியே இல்ல!"

"நான் பாத்தேனே அக்கா! ஆறு மணிக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ இன்னாத்தைப் பாத்தே? மொத நாள் சாயந்திரம் டப்பாவுல இருந்ததே ரெண்டு லோட்டாவுக்குத்தான். வந்ததும் வராததுமா ரெண்டையும் வாங்கி நீயே குடிச்சிட்டே."

நாற்பத்தொரு பேரும், அக்கரை ஆட்களும், சத்தாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப அவருக்குக் குடுத்தது?"

"ஆவாரங்கொட்டை. நீ கடியாரத்தை வெச்சிக்கினு ஒக்காந்திருந்தே. காப்பி இல்லன்னு சொன்னா ஊரே கேக்கறாப்ல கத்துவே. ஓடப்போற நேரத்துல அவருக்குப் பேஜார் ஆவும்னு ஒரு லோட்டாவைக் கலக்கி ஒன் வாயை அடைச்சேன். அப்புறம் நீ ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டே. எனக்கு வெளியில சொல்ல வெக்கமாப் போச்சு." அவள் மாமாவின் பக்கம் திரும்பினாள். "என்னை மன்னிச்சிடுங்க. நீங்க இப்படி வந்து நிப்பீங்கன்னு நெனைக்கல."

அக்கரை ஆள் ஒருவன் முன்னால் வந்தான். "புருஷனுக்காகப் பொண்டாட்டி சொல்றதை நாங்க நம்பணுமா?"

"பொண்டாட்டி சொல்றதை நம்பாதே. நான் சொல்றதை நம்பு." மஹ்பூபிதான் பேசினாள். "அன்னிக்கி விடியக்காலம் நெருப்பு வாங்கப் போனேன். சாரா காலி டப்பாவைக் கவுத்துப்போட்டு ஒக்காந்துக்கினு இருந்தா. எங்க வூட்ல இருந்த ஆவாரங்கொட்டையை எடுத்தாந்து நான்தான் வறுத்துக் குடுத்தேன். நானே இடிச்சேன். அதுல ஒரு பொட்டு காப்பி இல்ல. அல்லா மேல ஆணை."

சத்தார் வாயைப் பிளந்து நின்றான். "நீயா? மூணு வாரமா இதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? தோத்த அன்னிக்கி ராத்திரி நீங்க சோறே துன்னல. மறுநாளு காப்பிதான் ஜெயிச்சிதுன்னு யாரோ வந்து சொன்னப்புறம்தான் தட்டு முன்னால ஒக்காந்தீங்க. அதையும் புடுங்கிக்கணுமான்னு உட்டுட்டேன்."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, பிறகு இரண்டு கிடங்கு ஆட்களும் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, பிறகு வெட்கம். காப்பிக்குப் பலம் உண்டு என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. சுவரில் கோடு இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலை அத்தனை காப்பியும் என் வயிற்றில்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் கரையில் நின்று கத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

மாமாவும் சிரிக்கவில்லை. ஏதோ பெரிய கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். அக்காவைப் பார்த்தார், மஹ்பூபியைப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... அது நான்தானா?"

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் சத்தார் முன்னால் வந்தான். மூன்று வாரமாக அவன் சோறு தின்றதே அந்த ஒரு ஆறுதலில்தான். அதை அவனே கையால் எடுத்து வெளியே போட வேண்டியிருந்தது. அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

"நீதான்யா," என்றான். "என்னைத் தாண்டிப் போனது நீதான். ஒன் காலு மணல்ல பதியவே இல்ல, நான் பாத்தேன்." தன் ஆட்களிடம் திரும்பி, "தோலைக் கீழயே எறக்குங்கோ. தண்ணி அவங்களுது," என்றான்.

மாமா அப்படியே கால்வாய்க்கரை மணலில் உட்கார்ந்துவிட்டார். நாற்பத்திரண்டு வயது மனிதர், சின்னப் பிள்ளைபோல் தேம்பித் தேம்பி அழுதார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நானும் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் என்பது நினைவுக்கு வந்து அருகில் போனேன். நான் அவரை எவ்வளவு நேசிக்கிறேன் என்பது எனக்கே அந்த இடத்தில்தான் தெரிந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

அழுகை ஓய்ந்ததும் எழுந்து முகத்தைக் கழுவினார். ஆட்கள் தோலை எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார்கள். எப்போதும் கடைசியில் நிற்கிறவர், அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனகோடி மேஸ்திரிக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணா," என்றார், யாரும் கேட்காமலே. "அடுத்த மாசிக்கும் நானே ஓடறேன்."